ஜார்ஜ் டவுனில் புதுக் கடை திறக்கிறார்கள், ஒப்பந்தம் எத்தனை வருஷம்?

பினாங்குக்கு வரும் சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, டவுனில் புதுசா என்ன திறந்திருக்காங்க என்பதுதான். டவுன் என்றால் எங்களுக்குப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். முன்பெல்லாம் இந்தக் கேள்வியே கிடையாது. தண்ணீர்மலை முருகன் கோயில், கொடிமலை, ஒரு தட்டு நாசி கண்டார் சோறு, கடைத்தெருவில் புடவை, அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்கள். இப்போது கைப்பேசியில் பட்டியலோடு வருகிறார்கள். கிங் தெருவில் ஒரு இடியாப்பக் கடை, சூலியா தெருவில் மாடியில் ஒரு காப்பிக் கடை, கேம்பல் தெருப் பக்கம் ஏதோ ஒரு பலகாரக் கடை என்று வீடியோவில் பார்த்துவிட்டு, அது எங்க இருக்கு, நடந்தே போயிடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள்.

எனக்கு இதில் ரொம்பச் சந்தோஷம். இந்தத் தெருக்கள் இருட்டிக் கிடந்த காலத்தில் வளர்ந்தவள் நான். ஆனால் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால், புதுக் கடை என்றதும் என் மனசு மெனுவுக்குப் போவதில்லை. வாடகை ஒப்பந்தம் எத்தனை வருஷம், புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறலாம் என்று எழுதியிருக்கிறார்களா, இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பேன். திறப்பு விழாவுக்கு வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் வருகிறார்கள், இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் குறைவு. அதனால் இந்தப் பதிவில் பெரும்பாலும் அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் டவுன் எப்படிக் காலியானது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இளைய பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. 1969இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்து எடுக்கப்பட்டது. அதை நம்பியிருந்த வியாபாரம் சரிந்தது, அப்புறம் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையும் பெரும்பாலும் பட்டர்வொர்த் பக்கம் போய்விட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கிட்டங்கிகளில் வேலை பார்த்தவர்கள், கப்பலுக்குச் சாமான் கொடுத்தவர்கள் என்று நம் ஆட்கள் பலருக்குப் பிழைப்பு இந்த நாலைந்து தெருவுக்குள்தான் இருந்தது. ஆனாலும் குடும்பங்கள் உடனே வெளியேறவில்லை, காரணம் வாடகை. 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும், டவுனின் பழைய கடைவீடுகள் அதற்குள் அடங்கிவிட்டன. கீழே கடை, மேலே இரண்டு மூன்று குடும்பம், சொற்ப வாடகை. வருமானம் இல்லாத கட்டடத்துக்கு உடைந்த கூரை ஓடுகளை மாற்றவும் வீட்டுக்காரருக்கு மனசு வராது, குடியிருந்தவர்களுக்கும் இவ்வளவு மலிவான இடத்தை விட்டுப் போக மனசு வராது, இப்படியே ஓடியது. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், கொடுத்த அவகாசமும் 1999 முடிவோடு தீர்ந்தது. 2000 பிறந்ததும் வாடகை கிடுகிடுவென ஏற, தெருத் தெருவாக வீடுகள் காலியாயின. எங்கள் உறவிலேயே சிலர் ஆயர் ஈத்தாமுக்கும் சிலர் பிறைக்கும் அப்போதுதான் மாறினார்கள். மேலே குடியிருந்தவர்களை நம்பிக் கீழே நடந்த மளிகைக் கடை, தையல் கடை, முடி திருத்தும் கடை எல்லாம் அவர்கள் பின்னாலேயே போயின. அல்லது மூடின.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மைய வட்டாரம் மட்டும் 109 ஹெக்டருக்குக் கொஞ்சம் மேல், அதற்குள் 1,700க்கும் அதிகமான பழைய கட்டடங்கள். 2012இல் ஜார்ஜ் டவுன் திருவிழாவுக்காக எர்னஸ்ட் சக்காரவிச் சுவரோவியங்கள் வரைந்தார், ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் போகும் அந்த இரண்டு பிள்ளைகளோடு படம் எடுக்க இன்றைக்கும் வரிசை நிற்கிறது. 2014இல் ஜாலான் குருத்வாராவில் பாழடைந்து கிடந்த ஹின் பேருந்து நிலையம் கலைக்கூடமானது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு விற்றுப் பழகிய பிள்ளைகளில் சிலர் பிறகு சொந்தக் கடை பார்த்தார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022 ஏப்ரலில் எல்லை திறந்தது, அதே வருஷம் டிசம்பரில் மிஷலின் கையேடு முதல் தடவையாகக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்து, பிஷப் தெருவில் இருக்கும் ஆன்ட்டி கேக் லீன் நியோன்யா உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. பிஷப் தெரு நம் லிட்டில் இந்தியாவிலிருந்து கூப்பிடு தூரம். அந்தச் செய்தி வந்த வாரத்திலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில், "அக்கா, டவுனில் கடை போட எவ்வளவு ஆகும்" என்பதுதான் அதிகம்.

எவ்வளவு ஆகும்? காகித வேலைக்குப் பெரிய செலவு இல்லை. வியாபாரப் பெயரை எஸ்எஸ்எம் என்னும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வருஷத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). மாநகர் மன்றத்தின் கடை உரிமமும் விளம்பரப் பலகை உரிமமும் வேண்டும், பலகையில் மலாய்தான் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம், தயவுசெய்து சேருங்கள். சமையலில் கை வைக்கும் எல்லாரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போய், டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். பணம் தின்பது கட்டடம்தான். பாரம்பரிய வட்டாரத்தில் முகப்பை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, வீடாக இருந்ததைக் கடையாக்க அனுமதி வேண்டும், பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும் என்பதால் சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும், அது தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி அதிகம். மின்கம்பி மாற்றணும், புகைபோக்கி வைக்கணும், கழிவுநீரில் எண்ணெய் போகாமல் தடுக்கும் தொட்டி வைக்கணும். உதாரணத்துக்கு, எல்லாம் சேர்த்து 80,000 வெள்ளி என்று வையுங்கள்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றால் அந்த 80,000 வெள்ளியை 24 மாதத்தில் எடுத்தாக வேண்டும், மாதம் 3,333 வெள்ளி. மூன்று வருஷம், அப்புறம் இன்னொரு மூன்று வருஷம் என்றால் 72 மாதம், மாதம் 1,111 வெள்ளி. அதே கடை, அதே சமையல், அதே வாடிக்கையாளர். மாதத்துக்கு 2,222 வெள்ளி வித்தியாசம் ஒரு காகிதத்தில் இருக்கிற எண்ணால் வருகிறது. இரண்டு வருஷக் கடைக்காரர் அதை எங்கே போடுவார்? தட்டின் விலையில் போடுவார், வேறு வழியே இல்லை. தோசையும் ஒரு காப்பியும் இருபது வெள்ளிக்கு விற்கிறார்களே என்று நாம் கோபப்படுகிறோம், அந்தக் கோபம் நியாயம், ஆனால் அது சேர வேண்டிய இடம் பெரும்பாலும் கல்லாவில் நிற்கும் பிள்ளை இல்லை.

மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது நம் நிலச் சட்டம். அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் இரண்டு கூட்டல் ஒன்று, மூன்று கூட்டல் மூன்று என்று எழுதுகிறார்கள். கூட்டலுக்குப் பின்னால் வரும் புதுப்பிப்புத் தவணைதான் ஆபத்தான பகுதி. "அன்றைய சந்தை நிலவரப்படி வாடகை" என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் நன்றாக நடத்தி, தெருவுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து, அதனால் நிலவரம் ஏறியிருக்கும், ஏறிய வாடகையை நீங்களே கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கேக் கடையை இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து நடத்தினாள், ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை ஏறக்குறைய ஒரு மடங்கு ஏற்றிக் கேட்டார்கள். அடுப்பையும் குளிர்பெட்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்த முகப்பு அதற்கப்புறம் ரொம்ப நாள் பூட்டியே கிடந்தது, வீட்டுக்காரருக்கும் வாடகை இல்லை. இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்தை நிலப் பத்திரத்தில் குறிப்பாக ஏற்றிவைக்க முடியும். அப்படி ஏற்றாவிட்டால், நடுவில் கட்டடம் கைமாறினால் புதிதாக வாங்கியவரை உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாமல் போகலாம். டவுனில் கட்டடங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும் காலம் இது. கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் இதை மட்டுமாவது கேளுங்கள்.

சரி, நான் முதலில் சொன்ன இடியாப்பக் கடை. கணவன் மனைவி நடத்துகிறார்கள், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்தவர்கள், அக்கா ஏற்கெனவே ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தவர். கடையின் அகலம் மூன்று மேசைக்குத்தான் போதும், ஆனால் நீளம் போய்க்கொண்டே இருக்கிறது, நடுவில் வானம் தெரியும் முற்றம், அதைத் தாண்டி அடுப்படி. காலை ஐந்து மணிக்கே மாவு பிசையத் தொடங்கிவிடுகிறார். வறுத்த பச்சரிசி மாவில் உப்புப் போட்ட கொதிநீரை ஊற்றி மரக்கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து உடனே அச்சில் போட்டுப் பிழிய வேண்டும், ஆறிவிட்டால் இறுகிப்போய் அச்சு அசையாது. மூங்கில் தட்டுகளில் பிழிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆவியில் ஏற்றுகிறார். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து ஒரே தட்டு, இடியாப்பம் முழுசாக வாழையிலையில் விழுகிறது. தேங்காய்ப்பூவும் சிவப்புச் சீனியும் வேண்டுமென்றால் அது, இல்லையென்றால் சொதி, கோழிக் குழம்பு. சொதியில் வெந்தயத்தின் கசப்பு நாக்கில் லேசாகத் தெரியும், தேங்காய்ப்பாலை கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குகிறார், அதனால் திரிவதில்லை.

அங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். காலை ஏழரைக்குப் பசியாற வருபவர்கள் நகைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள், பணமாற்றுக் கடைக்காரர்கள், குயின் தெரு மாரியம்மன் கோயில் பக்கம் பூ கட்டுபவர்கள், லைட் தெரு நீதிமன்றத்துக்குப் போகும் கிராணிமார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கமிருந்து அத்தாமார்கள் பொட்டலம் கட்டி வாங்கிப் போகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் பத்து மணிக்கு மேல்தான் வருகிறார்கள். அதாவது வெளியூர்க்காரர் ஒருவர்கூட வராத மழை வாரத்திலும் இந்தக் கடை ஓடும்.

ஒப்பந்தம் எத்தனை வருஷம்கா என்று கேட்டேன்.

"மூணு, அப்புறம் இன்னும் மூணும்மா. வீட்டுக்காரங்க ஒரு சீனப் பாட்டி. அவங்களும் முன்ன இதே எடத்துல சாமான் கட வச்சிருந்தவங்கதான். ரெண்டாவது தவணைக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல ஏத்தமாட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

எழுதியே கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லும்போது அக்கா முகத்தில் தெரிந்த தெம்பைத்தான் நான் டவுன் முழுக்கப் பார்க்க ஆசைப்படுகிறேன். இந்தத் தெம்பு இருந்தால்தான் எட்டு வெள்ளிக்கு ஒரு தட்டு கொடுக்க முடியும். கணக்குப் போட்டே காட்டுகிறேன். இந்த அளவுக் கடைக்கு வாடகை 4,500 வெள்ளி என்று வையுங்கள். மூன்று வேலையாட்கள், குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி, 2025 பிப்ரவரியில் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு வந்தது, ஆகஸ்டிலிருந்து சின்னக் கடைகளுக்கும்தான். அதோடு முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, மூன்று பேருக்கும் 5,763 வெள்ளி. வாடகையும் சம்பளமும் 10,263 வெள்ளி, 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு ஏறக்குறைய 395 வெள்ளி. எட்டு வெள்ளித் தட்டில் அரிசி, தேங்காய், கோழி, கேஸ் போக நாலு வெள்ளி மிஞ்சினால், நூறு தட்டு வரைக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும்தான். சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதி, மின்சாரம், போட்ட முதல், வீட்டுக்கு எடுத்துப் போகும் காசு எல்லாம் நூற்று ஒன்றாவது தட்டிலிருந்துதான் தொடங்குகிறது. சனி, ஞாயிறு கூட்டத்தை மட்டும் நம்பி இந்தக் கணக்கு நேராகாது. கடை வைக்கப் போகிறேன் என்று வரும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது இதுதான்: செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள், யார் நடந்து போகிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், மதியத்துக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், எனக்கு மற்றக் கடைகள் இன்னும் முக்கியமாகப் படுகின்றன. பினாங்கு தெருவில் ஒரு மாடியில் ஒரு தங்கை ஆரி வேலை செய்த ரவிக்கைகள் தைக்கிறாள். மாடி என்பதால் வாடகை பாதிதான். கல்யாணத்துக்கு டிக்டாக்கில் பார்த்துவிட்டு ஈப்போவிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் அளவு கொடுக்க வருகிறார்கள், வந்தவர்கள் கீழே புடவை, பூ, பலகாரம் என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். சட்டகத்தில் துணியை இழுத்துக் கட்டி, மேலே கொக்கி ஊசி, கீழே நூலும் மணியும், ஊசி துணிக்குள் போய் நூலைக் கவ்விக்கொண்டு மேலே வரும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. ஒரு கழுத்து வேலைக்கு இரண்டு நாள் ஆகிறதாம். இரண்டு பெண்களைப் பழக்கி வேலைக்கும் வைத்திருக்கிறாள். இவளைப் பற்றி எந்த வீடியோவிலும் டவுன் உயிர்பெற்றது என்று வராது.

கடைத்தெருவில் ஒரு பழைய மசாலாக் கடையும் அப்படித்தான். மிளகாய், மல்லியைக் கண் முன்னே அரைத்துக் கொடுக்கும் கடை. அப்பாவுக்குப் பிறகு மகன் எடுத்து நடத்துகிறான், மெஷினை உள்ளே தள்ளிவிட்டு, முன்பக்கத்தில் பாதி இடத்தில் காப்பி, சுக்குத் தண்ணீர், பாக்கெட் மசாலா வைத்திருக்கிறான். மீன் குழம்புத் தூள் அரைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாக்கள் அங்கேயே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். கட்டடம் சொந்தம் என்பதால் அவனால் முடிகிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களாலும் இங்கே மாற்றம் தெரிகிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் முப்பது நாள், 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானமும் வந்தது. சைவச் சாப்பாடு இராத்திரி வரை கிடைக்கும் கடைகள் கூடியிருக்கின்றன. நம் பேச்சைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் வரும் ஆச்சரியம் எனக்குப் பிடிக்கும், இங்கேயும் இப்படியா என்று கேட்பார்கள். குயின் தெருக் கோயில் 1833லிருந்து இங்கே இருக்கிறது, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801லிருந்து இருக்கிறது என்று காட்டினால் அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அழகான காப்பிக் கடைகளை நான் குறை சொல்லவில்லை. ஒழுகும் கூரையோடு இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்தால் மேல்மாடிப் பலகை உளுத்துவிடும். கடன் வாங்கி ஓடு மாற்றி, சுவர் நிமிர்த்தி, கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையைக் கூட்டிப் பெருக்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் இந்த இளம் கடைக்காரர்கள்தான், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். எனக்குக் குறை என்னவென்றால் மேல்மாடி. கீழே கடை வந்துவிட்டது, மேலே ஹோட்டல் அறை அல்லது காலி. மேலே குடும்பம் இருந்தால்தான் கீழே பாலும் ரொட்டியும் விற்கும் கடை வரும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தெருவில் பிள்ளைகள் இருப்பார்கள், தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது தேங்காய் உடைக்க வாசலில் ஆள் இருக்கும். புதுக் கடை நடத்தும் தம்பி தங்கைகளில் எத்தனையோ பேர் தினமும் பாலம் தாண்டிப் பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் வருகிறார்கள், கடைக்கு மேலேயே குடியிருக்க அவர்களுக்கு ஆசைதான், வாடகைதான் விடுவதில்லை.

இதைப் படிப்பவர்களில் டவுனில் கட்டடம் வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று கூட்டல் மூன்று எழுதுங்கள், இரண்டாவது தவணைக்கு ஏற்றம் எவ்வளவு என்பதையும் எண்ணாகவே எழுதுங்கள். மேல்மாடியையும் சேர்த்து எடுக்கும் கடைக்காரருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். வாடகை பாக்கி வைக்காமல், கூரையைப் பழுது பார்த்துக்கொண்டு ஆறு வருஷம் இருக்கும் குடித்தனக்காரர், நடுவில் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைவிட உங்களுக்கும் லாபம்தான். வேண்டுமானால் கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன்.

மற்றவர்களுக்கு, இடியாப்பக் கடை கிங் தெருவில் நாகூர் தர்காவிலிருந்து நடக்கிற தூரம்தான், திங்கள் லீவு. ஃபெர்ரியில் வந்தால் இறங்கி நடந்தே வந்துவிடலாம், டவுனுக்குள் சுற்ற இலவசப் பேருந்தும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் காரில் வராதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. கோழிக் குழம்பு ஒன்பதரைக்கெல்லாம் தீர்ந்துவிடும், சொதி பதினொன்று வரைக்கும் இருக்கும்.